அடாப்டரை நேரா பேட்டரி பேக்குல சொருகலாமா? 48 வோல்ட் ஸ்கூட்டர் பேட்டரியில ரூட்டர், லேப்டாப் ஓட்டுறது பத்தி

தேனி_மலர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர்ல காத்தடிச்சா கரண்ட் போயிடும், ஒரு தடவை போனா ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரம் ஆகுது, நான் வீட்லேர்ந்து வேலை பாக்குறேன், நெட் கட்டானா அன்னிக்கு சம்பளத்துல கை வைக்கிறாங்க. என் தம்பியோட எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஃப்ரேம் உடைஞ்சு வண்டி போயிடுச்சு, ஆனா அதோட லித்தியம் பேக் நல்லா இருக்கு, மேல 48 வோல்ட் 20 ஏஹெச்னு (ஆம்ப் மணி) போட்டிருக்கு, சார்ஜரும் இருக்கு. இப்ப என் கேள்வி என்னன்னா, ஒரு வீடியோவுல பாத்தேன், மொபைல் சார்ஜர் லேப்டாப் அடாப்டர் எல்லாம் உள்ள எப்படியும் கரண்டை டிசியாத்தான் மாத்திக்குது, அதனால பேட்டரியை நேரா அந்த அடாப்டரோட பின்னுலயே குடுத்துடலாம், இன்வெர்ட்டரே வேணாம்னு சொல்றாங்க. அது உண்மையா? இந்த 48 வோல்ட் பேக்கை அப்படி ஒரு ப்ளக் பாயிண்ட்டுக்குக் குடுத்து ரூட்டர், ஃபைபர் பாக்ஸ், லேப்டாப் மூணையும் ஓட்ட முடியுமா? இன்வெர்ட்டர் வாங்குறதுக்கு இப்ப வசதி இல்ல.

வோல்ட்_வேலு:
உண்மைதாங்க. நான் கோயமுத்தூர்ல பண்ணிட்டு இருக்கேன். ஆனா 48 வோல்ட் பத்தாதுங்க. அடாப்டர்ல 100-240 வோல்ட்னு போட்டிருக்கும் பாருங்க, அந்த 100 வோல்ட் ஏசிங்கறது உள்ள டிசியா மாறும்போது 141 வோல்ட் ஆகும். அதனால 12 வோல்ட் 7 ஏஹெச் யூபிஎஸ் பேட்டரி பன்னெண்டு வாங்கி சீரிஸ்ல கட்டினீங்கன்னா 144 வோல்ட், ஒரு சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு ரெண்டு வயரையும் குடுத்துடுங்க, ப்ளஸ் மைனஸ் எப்படிப் போட்டாலும் பரவால்லீங்க, உள்ள ஏசியை டிசியா மாத்துற டயோடு ப்ரிட்ஜ் இருக்கறதால அதுவே சரி பண்ணிக்கும். லேப்டாப் அடாப்டர், ரூட்டர் அடாப்டர், டிவி கூட ஓடுதுங்க. இன்வெர்ட்டர் சத்தம் இல்ல, லாஸ் இல்ல. பழைய பேட்டரி ஆபீஸ் யூபிஎஸ் கழிக்கும்போது சல்லிசா கிடைக்கும்.

சர்க்யூட்_சரவணன்:
மலர், தயவுசெஞ்சு அதைப் பண்ணிராதீங்க. வேலு சொல்றது ஓடும், ஓடாதுன்னு நான் சொல்லல. நான் மதுரையில பவர் சப்ளை சர்வீஸ்தான் பாக்குறேன், ஏன் ஓடுதுங்கறதையும் ஏன் வீட்டுல வைக்கக் கூடாதுங்கறதையும் ரெண்டையும் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

இந்தக் காலத்து அடாப்டர் எல்லாம் எஸ்எம்பிஎஸ். சுவத்துல இருந்து வர்ற 230 வோல்ட் ஏசி முதல்ல ஒரு ஃப்யூஸ், அப்புறம் ஃபில்டர், அப்புறம் நாலு டயோடு ப்ரிட்ஜ், அதுக்கப்புறம் 400 வோல்ட்னு எழுதின ஒரு கெப்பாசிட்டர். அந்த கெப்பாசிட்டர்ல நிக்கிறது 230-ஐ 1.414-ஆல பெருக்கினா வர்ற 325 வோல்ட் டிசி. அதுக்கப்புறம்தான் ஒரு ஸ்விட்ச்சிங் ஐசி அதை வேகமா வெட்டி வெட்டி சின்ன ட்ரான்ஸ்பார்மர் வழியா 12 வோல்ட்டாவோ 19 வோல்ட்டாவோ குடுக்குது. ஆக கெப்பாசிட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு முன்னாடி ஏசி வந்துச்சா டிசி வந்துச்சான்னு தெரியாது. அந்த வரைக்கும் வீடியோக்காரர் சொன்னது சரி.

உங்க 48 வோல்ட் பேக் இதுக்கு ஆகவே ஆகாது. ஃபுல் சார்ஜ்ல 54.6 வோல்ட்தான் வரும், அந்த ஐசிக்கு ஸ்டார்ட் ஆகவே அது பத்தாது, சில அடாப்டர் எந்திரிச்சு விழுந்து எந்திரிச்சு விழுந்துன்னு லைட் மினுக்கிட்டே இருக்கும், அப்படியே ஓடினாலும் அதே வாட்ஸைக் குடுக்க கரண்டை ஆறு மடங்கு வாக்குல இழுக்கணும், உள்ள சுவிட்சா வேலை பாக்குற மாஸ்ஃபெட் சூடாகிப் போயிரும்.

இப்ப அந்த 144 வோல்ட் விஷயம். ஏசி கரண்ட் செகண்டுக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுட்டு வருது. சுவிட்சை அணைக்கும்போது உள்ள வர்ற தீப்பொறி அந்தப் பூஜ்ஜியத்துல தானா செத்துரும். டிசிக்கு அந்தப் பூஜ்ஜியமே கிடையாது. வீட்டு சுவிட்சு, ப்ளக் டாப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அடாப்டர் உள்ள இருக்கிற கண்ணாடி ஃப்யூஸ், எல்லாமே 250 வோல்ட் ஏசிக்குன்னு செஞ்சது. 144 வோல்ட் டிசியில லோடோட ப்ளக்கை உருவினீங்கன்னா பொறி இழுத்துக்கிட்டே வரும். அடாப்டர் உள்ள ஷார்ட் ஆச்சுன்னா அந்த ஃப்யூஸ் உருகும், உருகின பிறகும் அந்த இடைவெளியில ஆர்க், அதாவது அந்தத் தீப்பொறி, நின்னு எரிஞ்சுட்டே இருக்கலாம். இந்த 7 ஏஹெச் பேட்டரி சின்னதா இருக்கேன்னு நினைக்காதீங்க, ஷார்ட் ஆனா நூத்துக்கணக்குல ஆம்ப் குடுக்கும், மெயினை அணைக்கிற மாதிரி பேட்டரியை அணைக்க முடியாது. ஆள் மேல பட்டா? 120 வோல்ட் டிசிக்கு மேல போனாலே அது ஆபத்தான வோல்டேஜ் கணக்குலதான் வரும், ஷாக் அடிச்சா கரண்டை வெட்டுற உங்க வீட்டு ஈஎல்சிபி இந்தப் பேட்டரி லைன்ல இருந்து வர்ற ஷாக்கைப் பாக்கவே பாக்காது, அது நிக்கிற லைனே வேற.

வோல்ட்_வேலு:
அண்ணா நீங்க சொல்றது தியரி. நம்ம வீட்டுல ரொம்ப நாளா ஓடிட்டு இருக்குது, ஒண்ணும் ஆகலீங்க. பெரிய ஆபீஸ்ல ஆன்லைன் யூபிஎஸ்ல 16 பேட்டரி 20 பேட்டரி சீரிஸ்ல 192, 240 வோல்ட்னு கட்டி வெச்சிருக்காங்களே, அது மட்டும் எப்படிங்க? சீனாவுல டேட்டா சென்டர்ல சாதாரண சர்வர் பவர் சப்ளைக்கே 240 வோல்ட் டிசியை நேரா குடுக்கறாங்க, இது நானா சொல்லல.

சர்க்யூட்_சரவணன்:
சீனா விஷயம் உண்மைதான், நல்ல உதாரணமும் கூட. 2 வோல்ட் செல் 120 வெச்சு 240 வோல்ட் டிசி பஸ், அதாவது எல்லாத்துக்கும் பொதுவான ஒரு லைன், அதை அப்படியே சர்வருக்குக் குடுக்குறாங்க, நடுவுல இன்வெர்ட்டர் இல்ல. ஆனா அங்க ஒவ்வொரு லைனுக்கும் டிசி ப்ரேக்கர் இருக்கு, எங்கயாவது இன்சுலேஷன் கசிஞ்சா அலாரம் அடிக்கிற மானிட்டர் இருக்கு, எந்தப் பவர் சப்ளை மாடல் டிசியில ஓடும்னு டெஸ்ட் பண்ணி எடுத்துத்தான் வைக்கிறாங்க, பூட்டின ரூம்ல பயிற்சி எடுத்தவங்க மட்டும்தான் போறாங்க. ஆபீஸ் யூபிஎஸ்லயும் அந்த 192 வோல்ட் பேட்டரி ரேக்குக்கும் மிஷினுக்கும் நடுவுல டிசி ப்ரேக்கர் இருக்கும், அந்த வோல்டேஜ் எங்கயும் ஒரு ப்ளக் பாயிண்ட்டா வெளிய வராது. நீங்க வெச்சிருக்கிறது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேலு. அந்த பாக்ஸுல உங்க வீட்டுக்கு வந்த ஒருத்தர் மிக்ஸியையோ டேபிள் ஃபேனையோ சொருகினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பாக்க எல்லா பாக்ஸும் ஒண்ணுதான். பழைய கனமான ட்ரான்ஸ்பார்மர் அடாப்டரை யாராவது சொருகினாலும் அதே கதி. சின்ன ட்ரான்ஸ்பார்மரோட ப்ரைமரி வயிண்டிங் 500 ஓம்னு வெச்சுக்குவோம், ஏசியில அந்த இண்டக்டன்ஸ் கரண்டைத் தடுத்து நிறுத்தும், டிசியில வெறும் ஓம் மட்டும்தான், 144 வோல்ட்டுக்கு 40 வாட்டுக்கு மேல அந்த உள்ளங்கை அளவு டப்பாக்குள்ள சூடாகும். புகைய அதிக நேரம் ஆகாது.

இன்னும் ரெண்டு விஷயம் யாரும் சொல்றதில்ல. ப்ரிட்ஜ்ல நாலு டயோடு இருக்குன்னு சொன்னேன்ல, ஏசியில ரெண்டு ரெண்டா மாறி மாறி வேலை பாக்கும். டிசி குடுத்தா ஒரே ரெண்டு டயோடு மட்டும் இடைவிடாம ஓடும். சின்ன லோடுக்குப் பரவாயில்ல, 65 வாட் லேப்டாப் அடாப்டரை 144 வோல்ட்ல ஓட்டினா அரை ஆம்ப் போகும், 325 வோல்ட்டா இருந்தா கால் ஆம்ப் கூட இல்ல. ரெண்டாவது, புது அடாப்டர்கள்ல உள்ள எக்ஸ் கெப்பாசிட்டர்னு ஃபில்டர்ல ஒண்ணு இருக்கும், ப்ளக்கை உருவினதும் பின்னைத் தொட்டா ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அதைக் காலி பண்ண ஒரு குட்டி ஐசி வைக்கிறாங்க. அந்த ஐசி ஏசி நின்னுச்சான்னுதான் பாக்கும். டிசியைப் பாத்தா ஏசி நின்னுருச்சுன்னு நினைச்சு டிஸ்சார்ஜ் ரெசிஸ்டரை ஆன் பண்ணி அப்படியே விட்டுரும். அந்த ரெசிஸ்டர் தொடர்ந்து தாங்குற மாதிரி போட்டதே இல்ல. அதனால பழைய அடாப்டர் ஓடினதை வெச்சு புது அடாப்டரும் ஓடும்னு முடிவு பண்ணவே முடியாது. 75 வாட்டுக்கு மேல உள்ளதுல லைன்ல இருந்து இழுக்கிற கரண்டைச் சீராக்குற பிஎஃப்சி சர்க்யூட் வேற முன்னாடி இருக்கும், அது டிசியில எப்படி நடந்துக்கும்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும்.

நாகை_ரவி:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எல்ஈடி பல்பு இப்படி ஓடுமா? கஜா புயல் அடிச்ச அப்புறம் 2018ல எங்க பக்கம் வாரக்கணக்குல இருட்டு, அப்பவே இதைத்தான் யோசிச்சேன்.

சர்க்யூட்_சரவணன்:
ரவி, மலிவு பல்புல ஒரு கெப்பாசிட்டரை வெச்சே கரண்டைக் குறைக்கிற கெப்பாசிட்டர் டிராப்பர்தான் இருக்கும், கெப்பாசிட்டர் டிசியை விடவே விடாது, எரியாது. வேற டைப் சிலது 200 வோல்ட்டுக்கு மேல குடுத்தா மட்டும் எரியும். அந்த வம்பே வேணாம், 12 வோல்ட் டிசி பல்புன்னே சோலார் கடையில கிடைக்குது. ஆனா வீட்டு ஹோல்டர்ல போடாதீங்க, ரெண்டும் ஒரே பின் கேப்புதான், நாளைக்கு கரண்ட் வந்ததும் யாராவது மறந்து அந்த 12 வோல்ட் பல்பை 230ல போட்டா வெடிச்சுரும். தனியா வேற மாதிரி ஹோல்டர் வாங்குங்க.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல பவர் ப்ளாண்ட் பாத்து ரிட்டயர் ஆனவன், திருநவேலி. ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. புயல் வந்து ஊரே இருட்டாக் கெடந்தாலும் அந்தக் காலத்து லேண்ட்லைன் போன் மட்டும் பேசும், ஞாபகம் இருக்கா? உங்க வீட்டு போனுக்கு உங்க வீட்டு கரண்ட் தேவையே இல்ல, எக்ஸ்சேஞ்ச்ல இருந்தே தாமிரக் கம்பியில வந்துரும். அங்க 2 வோல்ட் செல் 24 வரிசையா நிக்கும், 48 வோல்ட், சார்ஜர் எந்நேரமும் ஓடிக்கிட்டே இருக்கறதால பஸ்ல 54 வோல்ட் வாக்குல நிக்கும். கரண்ட் போனா எதுவும் மாறணும்னு இல்ல, சார்ஜர் மட்டும் நின்னுரும், பேட்டரி ஏற்கெனவே லைன்லதான இருக்கு. ஒரு மில்லி செகண்ட் கூட அத்துப் போவாது. ப்ளஸ்ஸை எர்த் பண்ணியிருப்போம், மண்ணுக்குள்ள போற கேபிள் அரிச்சுப் போவக் கூடாதுன்னு.

எதுக்குச் சொல்லுதேன்னா, அந்த 48ங்கறது சும்மா வந்த நம்பர் இல்ல. 60 வோல்ட் டிசிக்குக் கீழ இருந்தா காஞ்ச கையால தொட்டாலும் ஆள் போவ மாட்டான், அதே நேரம் 12 வோல்ட் மாதிரி வயர்லயே கரண்ட் செத்தும் போவாது. நம்ம ஐஐடி மெட்ராஸ்ல பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு வீட்டுக்கு சோலார் டிசி லைன் செஞ்சபோதும் 48 வோல்ட்தான் எடுத்தாங்க, கூரையில பேனல், ஒரு பேட்டரி, அப்படியே ஃபேனும் லைட்டும் போன் சார்ஜரும் டிசியிலயே, நடுவுல ஏசியே கெடையாது, ராஜஸ்தான் பாலைவன கிராமங்கள்ல ஆயிரக்கணக்கான வீட்டுக்குப் போட்டிருக்காங்க. 2017ல இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸே 48 வோல்ட் டிசி வீட்டு வயரிங்குக்கு ஐஎஸ் 16711ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் கொண்டாந்துட்டாங்க. ஆக அந்தப் பொண்ணு கையில இருக்கிற 48 வோல்ட் பேக்குதான் சரியான பொருள். அதை 144 ஆக்கணும்னு தேடி அலையுறது தலைகீழ் வேலை.

சர்க்யூட்_சரவணன்:
ஐயா சொன்னதுதான் விஷயமே. மலர், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்க. அடாப்டருக்கு எப்படி பேட்டரி குடுக்கிறதுன்னு கேக்க வேணாம், அடாப்டர் என்ன குடுக்குதோ அதை பேட்டரியில இருந்து எப்படி எடுக்கிறதுன்னு கேளுங்க. ரூட்டருக்கு வேணும்ங்கறது 12 வோல்ட் டிசி. அதுக்காக பேட்டரியை 325 வோல்ட் வரைக்கும் ஏத்தி, மறுபடி 12க்கு இறக்குறதுல என்ன இருக்கு? அடாப்டரையே கழட்டி ஓரமா வெச்சிருங்க.

உங்க மூணு அடாப்டரோட லேபிளையும் பாத்து எழுதுங்க. இன்புட் பக்கம் வேணாம், அவுட்புட் மட்டும். வோல்ட், ஆம்ப், அப்புறம் உருண்டை ஜாக்கோட படம் ஒண்ணு இருக்கும், நடுப் பின் ப்ளஸ்ஸா மைனஸான்னு. முக்கியமா அவுட்புட்ல வளைஞ்ச கோடு போட்டிருந்தா அது ஏசி அவுட்புட், சில பழைய மோடம் அப்படி வரும், அதுக்கு டிசி கதை வேற. மல்டிமீட்டர் இருந்தா பேக்கோட வோல்டேஜும் பாத்துச் சொல்லுங்க.

தேனி_மலர்:
ரொம்ப நன்றி அண்ணா, ஐயாவுக்கும் நன்றி. பாத்துட்டேன். ரூட்டர் 12 வோல்ட் 1 ஆம்ப், ஃபைபர் பாக்ஸ் 12 வோல்ட் 1 ஆம்ப், ரெண்டுலயும் நேர்கோடும் கீழ புள்ளிக்கோடும் இருக்கு, நடுப் பின் ப்ளஸ். லேப்டாப் டைப் சி, 20 வோல்ட் 3.25 ஆம்ப்னு இருக்கு. பேக் 52.1 வோல்ட் காட்டுது. ஆன்லைன்ல எல்எம்2596னு ஒரு சின்ன போர்டு ரொம்ப கம்மி விலையில இருக்கே, வோல்டேஜை இறக்கும்னு போட்டிருக்கு, அதை வாங்கட்டுமா?

சர்க்யூட்_சரவணன்:
வேணாம். அந்த ஐசி 40 வோல்ட் வரைக்கும்தான், அந்த போர்டுல போடுற இன்புட் கெப்பாசிட்டர் இன்னும் கம்மி, பல போர்டுல 35 வோல்ட்டுன்னே எழுதியிருக்கும். உங்க 52 வோல்ட்டை அதுல குடுத்த அடுத்த நிமிஷம் கெப்பாசிட்டர் வெடிக்கும்.

உங்களுக்கு வேண்டிய சாமான் உங்க ஊர்லயே இருக்கு. எலக்ட்ரிக் ஸ்கூட்டர், பேட்டரி ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில "டிசி கன்வெர்ட்டர்"னு கேளுங்க, ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் குடுக்க எல்லா வண்டியிலயும் இருக்கிறது. அலுமினியப் பெட்டி, உள்ள பசை ஊத்தி அடைச்சிருக்கும். 12 வோல்ட் 10 ஆம்ப் எடுங்க. இன்புட் ரேஞ்ச் பாத்து வாங்கணும், 36 முதல் 72 வரைக்கும்னு போட்டது வேணும். உங்க பேக் காலியாகும்போது 39 வோல்ட் வரைக்கும் இறங்கும், 48க்கு மேலன்னு எழுதின கன்வெர்ட்டர் வாங்கினா பேட்டரியில பாதி சார்ஜ் இருக்கும்போதே ரூட்டர் அணைஞ்சுரும். அந்த 12 வோல்ட்டை ஜாக் வயர் வெச்சு ரூட்டருக்கும் ஃபைபர் பாக்ஸுக்கும் நேரா குடுத்துருங்க. ஜாக்குல 5.5க்கு 2.1, 5.5க்கு 2.5ன்னு ரெண்டு சைஸ் இருக்கு, மாறினா லூஸா நின்னு ஆட்டுற நேரமெல்லாம் ரீஸ்டார்ட் ஆகும்.

லேப்டாப் டைப் சிங்கறதால உங்களுக்கு வேலை சுலபம். கார்ல சிகரெட் லைட்டர்ல சொருகுற டைப் சி சார்ஜர், பிடி (பவர் டெலிவரி) 65 வாட்னு போட்டது வாங்குங்க, 12 முதல் 24 வோல்ட் வரைக்கும் எடுத்துக்கும், லேப்டாப் கேட்டா 20 வோல்ட் அதுவே குடுக்கும். லைட்டர் சாக்கெட் தனியா கிடைக்குது. 65 வாட் முழுசா இழுத்தாலும் 12 வோல்ட்ல 6 ஆம்ப்தான் வரும், ரூட்டருக்கெல்லாம் சேத்தும் 10 ஆம்ப்புக்குள்ள அடங்கும். உருண்டை பின் லேப்டாப்பா இருந்திருந்தா கொஞ்சம் தலைவலி, சிலதுல நடுவுல மெல்லிசா ஒரு பின் வெச்சு அடாப்டர் எத்தனை வாட்னு லேப்டாப் கேக்கும், பதில் வரலன்னா பேட்டரி சார்ஜ் ஆகாது.

வடமராட்சியான்:
நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். 2022 இல எங்கட பக்கம் ஒரு கட்டத்தில நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினவங்கள், அந்த நேரம் ஒன்லைன் வகுப்பு எடுக்கிற பிள்ளையளுக்காக எத்தினையோ வீட்டில இதைத்தான் செய்தது. பவர் பாங்கில இருந்து 5 வோல்ற்றை 12 ஆக்கிற கேபிள் ஒண்டு கடையளில வந்தது, எல்லாரும் அதைத்தான் வாங்கினவை. சின்ன றவுட்டருக்கு அது காணும். ஆனா 12 வோல்ற் 1 அம்ப் முழுசா இழுக்கிற றவுட்டர் எண்டா 5 வோல்ற் பக்கம் இரண்டரை அம்புக்கு மேல வேணும், சாதாரண பவர் பாங்க் அதைக் குடுக்காமல் நிண்டிடும். 10000 எண்டு போட்டிருக்கிறது உள்ளுக்கு இருக்கிற 3.7 வோல்ற் கணக்கு, அது 37 வாட் மணி, கேபிள் பவர் பாங்க் ரெண்டும் தின்னுறது போக 8 வாட் இழுக்கிற றவுட்டர் மூண்டு மூண்டரை மணித்தியாலம் ஓடும்.

தங்கச்சி, உங்கட பற்றறி அதைவிட எத்தினையோ மடங்கு பெரிசு. ஆனா ஒரு விசயம் யோசியுங்கோ, கரண்ட் போகேக்க கையால ஜாக்கை மாத்திறது எண்டால் றவுட்டர் ஒருக்கா அணைஞ்சு திரும்ப எழும்ப நேரம் எடுக்கும், கோல் கதைச்சுக் கொண்டிருந்தா அறுந்து போகும். அந்த எக்ஸ்சேஞ்ச் ஐயா சொன்ன மாதிரி எந்நேரமும் பற்றறி லைனில இருந்தால்தான் அது தெரியாமப் போகும்.

90களில எங்களுக்கு லைன் கரண்டே இல்லை, பற்றறியும் தடை செய்த சாமான். சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோவில செய்தி கேட்டது. ரேடியோ கேக்கிறது 6 வோல்ற், அந்த 6 வோல்ற்றை எங்கயிருந்து எடுக்கலாம் எண்டு மட்டும்தான் அண்டைக்கு ஆக்கள் பாத்தவை. இண்டைக்கு றவுட்டருக்கும் அதே கணக்குத்தான்.

வோல்ட்_வேலு:
சரிங்க, 48 வோல்ட் பேக் கையில இருக்கறவங்களுக்கு நீங்க சொல்றது சுலபம்னு ஒத்துக்கறேன். ஆனா டிவிக்கு என்ன பண்ணுவீங்க? டிவிக்கு உள்ளயே பவர் சப்ளை, வெளிய 12 வோல்ட் ஜாக் கிடையாதுங்களே. அதுக்கு என் வழிதான்.

சர்க்யூட்_சரவணன்:
டிவிக்கு ஒரு சின்ன ப்யூர் சைன் இன்வெர்ட்டர் போடுங்க வேலு, அதுக்குத்தான் இன்வெர்ட்டர் இருக்கு. உள்ள பவர் சப்ளை வெச்ச சாமானுக்கு இன்வெர்ட்டர், வெளிய அடாப்டர் வெச்ச சாமானுக்கு டிசி. இன்வெர்ட்டருக்கு நான் எதிரி இல்ல, 10 வாட் ரூட்டருக்காக ராத்திரி முழுக்க இன்வெர்ட்டர் ஓடுறதுதான் வேஸ்ட், சும்மா நிக்கவே சின்னதுகூட 10 வாட்டுக்கு மேல சாப்பிடும், பேட்டரியில பாதி அதுக்கே போயிரும்.

உங்க 144 வோல்ட் செட்டப்பை நிறுத்தச் சொல்லித்தான் நான் கேப்பேன். நிறுத்த மாட்டீங்கன்னா இன்னிக்கே ரெண்டு வேலை செய்யுங்க. அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கிட்டு, வீட்ல வேற எந்த ப்ளக்கும் பொருந்தாத கனெக்டர் போடுங்க. பேட்டரி வரிசையோட நடுவுலயும் ஒரு முனையிலயும் சோலார் ஃப்யூஸ் போடுங்க. இன்னொண்ணு, பன்னெண்டும் பழைய பேட்டரின்னு சொன்னீங்க. பேட்டரி இறங்க இறங்க அடாப்டர் அதே வாட்ஸுக்காகக் கரண்டை ஏத்திக்கிட்டே போகும், குறைஞ்ச வோல்டேஜ்ல வெட்டி விட ஆள் இல்ல, அதுல வீக்கான ஒரு பேட்டரி மத்த பதினொண்ணும் தள்ளுற கரண்ட்ல தலைகீழா சார்ஜ் ஆகும். அது உப்பி, கேஸ் விடும். ஒவ்வொண்ணையும் லோடோட மீட்டர் வெச்சுப் பாருங்க.

வோல்ட்_வேலு:
பாக்ஸை மாத்திடறேங்க, வீட்டுல குழந்தைங்க வேற இருக்கு. ஃப்யூஸ் எங்க கிடைக்கும்னு சொல்லுங்க. செட்டப்பை எடுக்கறதா இல்லீங்க இப்போதைக்கு.

நாகை_ரவி:
குழந்தைங்க இருக்கற வீட்லயா? வேலு அண்ணே, எடுத்துடுங்க அண்ணே. கெஞ்சிக் கேக்குறேன்.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
ஃப்யூஸ் விஷயம் எல்லாருக்குமே சொல்லணும், 48 வோல்ட்டுக்கும் சேத்து. கார்ல போடுற கலர் கலரான ப்ளேடு ஃப்யூஸை எடுத்துப் போட்டுராதீங்க, அது 32 வோல்ட்டுக்குத்தான். 54 வோல்ட்ல அது உருகினாலும் ஆர்க் நிக்கும். சோலார் சாமான் விக்கிற கடையில உருளையா 10க்கு 38 சைஸ்ல ஃப்யூஸும் அதுக்கு மூடி போட்ட ஹோல்டரும் கிடைக்கும், 1000 வோல்ட் டிசி வரைக்கும் தாங்கும். மலரோட செட்டுக்கு 5 ஆம்ப் போதும். பேட்டரி ப்ளஸ்ஸை ஒட்டி எம்புட்டு கிட்ட வைக்க முடியுமோ அம்புட்டு கிட்ட வைங்க தாயி, ஃப்யூஸுக்கு முன்னாடி இருக்கிற வயர் ஷார்ட் ஆனா அதைக் காப்பாத்த எதுவும் இல்ல. எக்ஸ்சேஞ்ச்ல இதுக்குன்னே பஸ்பார் பக்கத்துல மோதிரம், வாட்ச் போட்டுக்கிட்டுப் போவவே விட மாட்டோம்.

தேனி_மலர்:
வாங்கிட்டேன். கன்வெர்ட்டர்ல இன்புட் மூணு வயர் இருக்கு அண்ணா, ரெண்டுதான் எதிர்பார்த்தேன். அப்புறம் பேக் மாடிப்படி கீழ இருக்கு, ரூட்டர் ஹால்ல இருக்கு, பத்து மீட்டர் வரும், 12 வோல்ட்டை இழுத்துட்டு வரட்டுமா 48-ஐ இழுத்துட்டு வரட்டுமா? எவ்ளோ நேரம் ஓடும்?

சர்க்யூட்_சரவணன்:
மூணாவது வயர் சாவி லைன், வண்டியில சாவி போட்டாத்தான் கன்வெர்ட்டர் ஆன் ஆகணும்னு வைக்கிறது. பெட்டி மேல படம் இருக்கும், பாத்துட்டு அதை ஒரு சின்ன சுவிட்ச் வழியா ப்ளஸ்ஸுக்குக் குடுங்க, அந்த லைன்ல கரண்ட் கொஞ்சம்தான் போகும், உங்களுக்கு ஆன் ஆஃப் சுவிட்சும் ஆச்சு.

48-ஐ இழுத்துட்டு வாங்க, கன்வெர்ட்டரை ரூட்டர் பக்கத்துல வைங்க. 1 ஸ்கொயர் எம்எம் வயர் பத்து மீட்டர்னா போக வர 20 மீட்டர், கிட்டத்தட்ட 0.35 ஓம். 12 வோல்ட்ல 2 ஆம்ப் போனாலே 0.7 வோல்ட் வயர்லயே போயிரும், லேப்டாப்பும் சேந்தா 8 ஆம்ப், ரூட்டர் தாங்காது. அதே வாட்ஸ் 48ல போனா கரண்ட் கால்வாசி, நஷ்டம் பதினாறுல ஒண்ணு.

நேரக் கணக்கு: 48-ஐ 20-ஆல பெருக்கினா 960 வாட் மணி, புதுசா இருந்தா. பழைய பேக்கு, முழுசா காலி பண்ணவும் கூடாது, அதனால 600னு வெச்சுக்குங்க, கன்வெர்ட்டர் நஷ்டம் போக 500. ரூட்டரும் ஃபைபர் பாக்ஸும் மட்டும்னா ரெண்டும் சேந்து நிஜத்துல 12 வாட் வாக்குலதான் இழுக்கும், 40 மணி நேரம் போகும். லேப்டாப்பும் சேத்து 50 வாட்டுன்னா பத்து மணி நேரம். உங்க மூணு மணி நேர கட்டுக்கு இது தாராளம்.

ஒரு எச்சரிக்கை. இந்த மலிவு கன்வெர்ட்டர் பலதுல இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் மைனஸ் ஒண்ணுதான். உள்ள இருக்கிற மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனா 54 வோல்ட் நேரா ரூட்டருக்கு வந்துரும். 12 வோல்ட் லைன்ல ஃப்யூஸ் ஒண்ணு, இங்க கார் ஃப்யூஸே போதும்னு நினைக்க வேணாம், இங்கயும் டிசி ஃப்யூஸே போடுங்க, அதுக்கு அடுத்து 15 வோல்ட் டிவிஎஸ் டயோடு ஒண்ணு ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்க, கோடு போட்ட பக்கம் ப்ளஸ். வோல்டேஜ் ஏறினா டயோடு ஷார்ட் ஆகி ஃப்யூஸை எடுத்துரும், ரூட்டர் பிழைக்கும். சில ரூபாதான் ஆகும்.

வடமராட்சியான்:
பற்றறியை வண்டியோட வந்த சாஜரால மட்டும் சாஜ் பண்ணுங்கோ, ராத்திரி போட்டுட்டுப் படுக்க வேண்டாம். படிக்கு கீழ எண்டு சொன்னியள், வீட்டை விட்டு வெளியில ஓடுற வழி அதுதான் எண்டால் அங்க வைக்க வேண்டாம். லித்தியம் பத்தினால் முதல்ல அடைபடுறது அந்த வழிதான்.

தேனி_மலர்:
பேக்கை பின்கட்டுல சிமெண்ட் தரையில மாத்தி வெச்சுட்டேன், மழைச்சாரல் படாத இடம். வயர் இப்ப பதினாலு மீட்டர் ஆகுது. ரூட்டர் ஜாக்குல 12.1 வோல்ட் வருது, லேப்டாப் சார்ஜ் ஏறும்போது 12.0. கன்வெர்ட்டர் லேசா சுடுது, கை வைக்க முடியுது. வண்டி சார்ஜரை பகல்ல நான் வேலை பாக்கும்போது மட்டும் போடுறேன், அப்பவும் ரூட்டர் பேக்குலயே ஓடுது, கரண்ட் போனதே தெரியல. ஒரே ஒரு சந்தேகம், சார்ஜர் போட்டுக்கிட்டே லோடும் இழுத்தா பேக்குக்கு கெடுதலா?

சர்க்யூட்_சரவணன்:
12 வாட் லோடுன்னா கால் ஆம்ப்தான், ஒண்ணும் ஆகாது. ஆனா லேப்டாப்பும் சேத்து இழுத்தா சார்ஜருக்கு பேட்டரி ஃபுல் ஆச்சான்னு சரியாத் தெரியாது, கடைசியில கரண்ட் குறையறதைப் பாத்துத்தான் அது நிறுத்தும், நீங்க இழுக்கிற கரண்டையும் பேட்டரி இழுக்குதுன்னு நினைச்சு 54.6லயே நின்னுட்டு இருக்கும். சார்ஜ் போடும்போது லேப்டாப்பை வீட்டு அடாப்டர்ல போட்டுக்குங்க. ப்ளக்குல, கரண்ட் இருக்கும்போது.